வலசைப் பாதையில் ஆறு நாட்கள்: நீலகிரியின் பொது நிலமும் சுற்றுலாவும்

முதல் நாள், திங்கட்கிழமை: கல்லாறு வழியாக உதகை

மேட்டுப்பாளையத்தில் காலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்ட அரசுப் பேருந்து கல்லாறு சோதனைச் சாவடியை நெருங்கியபோது, கார்கள் நீண்ட வரிசையில் நின்றிருந்தன. ஒருவர் கைப்பேசித் திரைகளில், மலைக்குள் நுழைவதற்கான இணைய அனுமதிச் சீட்டான இ-பாஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்; இன்னொருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதால் நாங்கள் நிற்காமலே கடந்துவிட்டோம். மலைக்குக் காரில் வருவதை வழக்கமாகக் கொண்டிருந்தவன் நான். பேருந்தின் சன்னல் வழியாக அந்த வரிசையைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு நீளமானது என்பது உறைத்தது.

நீலகிரி மாவட்டத்தின் பரப்பில் பாதிக்கும் மேல் காடு. அதற்கு வெளியே ஏரி, புல்வெளி, ஓடைப் புறம்போக்கு, அரசு குத்தகைக்கு விட்ட நிலம் என்று ஊர்ப் பொதுவில் உள்ள இடங்கள் ஏராளம். இவற்றை எதற்காக வைத்திருப்பது, யாருக்காகத் திறப்பது, எப்போது மூடுவது என்பதையெல்லாம் உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியோடு இந்தப் பயணத்தைத் தொடங்கியிருக்கிறேன். அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதிப் பதிவிடுவதாக எண்ணம்.

இ-பாஸ் நடைமுறையை அரசு தானாகக் கொண்டுவரவில்லை என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். 2024 ஏப்ரல் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. சீசன் காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கு அப்போதுதான் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பு விதித்தது. ஏப்ரல் 2 அன்று மாவட்டம் முழுவதும் வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களுடைய அச்சம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சீசன் படுத்துவிட்டால் ஆண்டு முழுவதும் கடன் வாங்கிக் கடை நடத்துபவர்கள் அவர்களில் பலர். ஆனால் ஒரு மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற எளிய கேள்வியை அந்த மலையை நிர்வகிப்பவர்கள் அத்தனை ஆண்டுகளாகக் கேட்காமலே இருந்ததும், அதைக் கேட்பதற்கு ஒரு நீதிமன்றம் வர வேண்டியிருந்ததும் என்னை உறுத்துகின்றன.

இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை: ஏரியும் குதிரைப் பந்தயத் திடலும்

உதகையில் பேருந்தைவிட்டு இறங்கும் ஒவ்வொருவரும் ஏரியின் மேல்தான் கால் வைக்கிறார்கள். 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து வெட்டிய ஏரி, இன்று நாம் காண்பதைவிடப் பல மடங்கு பெரியது. பேருந்து நிலையம், குதிரைப் பந்தயத் திடல், ஏரிப் பூங்கா ஆகிய மூன்றும் அந்த ஏரியின் பரப்பை எடுத்துக்கொண்டு எழுந்தவை. மிஞ்சிய நீர்ப்பரப்பை 1973 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுவதற்காகத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது.

காலை ஒன்பது மணிக்குப் படகு இல்லத்துக்குப் போனேன். மிதி படகுகளின் முகப்பில் இருந்த அன்னப்பறவைகளுக்குப் புதிதாக வெள்ளை பூசியிருந்தார்கள். படகுத் துறையிலிருந்து சிறிது தூரம் கரையோரமாக நடந்தால் ஆகாயத்தாமரை தொடங்குகிறது. அதற்கு அப்பால் கோடப்பமந்து கால்வாய் நகரத்தின் சாக்கடையைச் சுமந்து வந்து கலக்கும் இடம். அங்கே நின்று மூச்சை இழுக்க முடியவில்லை. பயணிகள் வந்து போகும் கரையில் பூச்செடிகளும், யாரும் எட்டிப் பார்க்காத கரையில் கழிவும் இருந்தன. ஏரியைக் காப்பது என்றால் அதன் நீரைக் காப்பதுதான் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடலாம்; ஆனால் நுழைவுச்சீட்டு விற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது ஏரி என்பது படகு ஓடும் அளவுக்கான நீர் மட்டுமே ஆகிவிடுகிறது.

பிற்பகலில் பந்தயத் திடலைச் சுற்றி வந்தேன். நகரத்தின் நடு மடியில் 52 ஏக்கருக்கும் அதிகமான அரசு நிலம். மெட்ராஸ் ரேஸ் கிளப் குத்தகைக்கு வைத்திருந்த இந்த நிலத்தை, குத்தகைப் பாக்கி 822 கோடி ரூபாய் என்று கணக்கிட்டு, 2024 ஜூலையில் வருவாய்த் துறை மீட்டெடுத்தது. பொது நிலம் பொதுவுக்குத் திரும்பிய அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் மகிழ்ந்தேன், இப்போதும் அது நல்ல செயல் என்றே கருதுகிறேன். அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. நிலம் தோட்டக்கலைத் துறைக்கு ஒப்படைக்கப்பட்டது, அங்கே சூழல் பூங்கா வரும் என்று அறிவிப்பும் வந்தது. சதுப்பு நிலமாக இருந்த ஒரு பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் மழைநீர் மீண்டும் தேங்குவதற்கு விட்டுவிடலாமா என்ற யோசனை அரசின் முதல் பேச்சில் இடம்பெறவே இல்லை. அரசுத் தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, ஏரிப் பூங்கா என்று ஏற்கெனவே பூங்காக்கள் நிறைந்த ஊரில், காலியாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்தவுடன் இன்னொரு பூங்காதான் தோன்றுகிறது என்றால், நம் கற்பனையே நுழைவுச்சீட்டின் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

திடலின் வேலியோரம் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், "இங்கே என்ன வந்தால் நல்லதும்மா?" என்று கேட்டேன். "தண்ணி நின்னா நல்லதுப்பா. எங்க தெருவுல நாலு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி விடறாங்க" என்றார்.

மூன்றாம் நாள், புதன்கிழமை: பைன் மரங்களும் புல்வெளியும்

இன்று எழுத அதிகமில்லை. தலைக்குந்தா அருகே உள்ள பைன் காட்டில் இரண்டு மணி நேரம் இருந்தேன். நெட்டையான மரங்களுக்கு நடுவே புதுமணத் தம்பதிகள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் ஊசி இலைகள் உதிர்ந்த மெத்தையைத் தவிர வேறு செடியோ பறவைக் குரலோ இல்லை. இது காடே அன்று, நட்டு வளர்த்த வெளிநாட்டு மரத்தோப்பு. இதே மலையில் சீகை, தைலம் போன்ற அயல் மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்க வேண்டும் என்று நீதிமன்றமும் வனத்துறையும் பல ஆண்டுகளாகப் பேசி வருகின்றன. ஆனால் காட்டைப் பார்க்க வருபவர்களின் கண்ணுக்குக் காடாகத் தெரிவது இந்தப் பைன் தோப்புதான்.

அங்கிருந்து கூடலூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் வென்லாக் டவுன்ஸ் புல்வெளி. தோடர்களின் எருமைகள் நூற்றாண்டுகளாக மேய்ந்த நிலம் அது. ஒரு புல் தூரைக் கையால் விலக்கிப் பார்த்தேன். வெயில் ஏறிய பிறகும் அடிமண் ஈரமாக, பஞ்சு போல இருந்தது. சமவெளியில் ஓடும் பவானிக்கும் மோயாறுக்கும் நீர் சுரக்கும் இடம் இது. ஒன்பதாவது மைல் என்று பெயர்பெற்ற சுற்றுலா இடத்தில் அதே புல்லின் மேல் ஆயிரம் கால்கள் மிதித்துச் செம்மண் தெரியும் பாதைகள் குன்றின் உச்சிவரை கோடு கோடாக ஏறிக் கிடந்தன.

நான்காம் நாள், வியாழக்கிழமை: கூடலூர், தெப்பக்காடு

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் மசினகுடி பக்கம்தான். விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்தச் சாலையில் கீழே இறங்க அனுமதியில்லை. உள்ளூர்ப் பேருந்துகள் போகின்றன என்றாலும், கூடலூரைப் பார்க்காமல் இந்தப் பயணத்தை எழுத முடியாது என்பதால் சுற்றுப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்தியாவின் காட்டுச் சட்டத்தை மாற்றிய வழக்கு தொடங்கிய மண் கூடலூர். கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு, இங்கே மரங்கள் வெட்டிக் கடத்தப்படுவதைக் கண்டு மனம் பொறுக்காமல் 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், ஒரு நிலம் யாருடைய பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் அது காடு என்றால் அது காடுதான் என்றும், மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் அங்கே காடு சாராத வேலை எதுவும் நடக்கக் கூடாது என்றும் சொன்னது. கால் நூற்றாண்டுக் காலம் அந்த ஒரு வரிதான் எத்தனையோ காடுகளுக்கு வேலியாக நின்றது.

2023இல் நாடாளுமன்றம் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, 'காடு சாராத வேலை' என்ற பட்டியலிலிருந்து சிலவற்றை விலக்கியது. அரசுக்குச் சொந்தமான உயிரியல் பூங்கா, சஃபாரி, நிர்வாகத் திட்டத்தில் இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகள் ஆகியவை அந்த விலக்கில் அடங்கும். அதாவது ஒரு காட்டுக்குள் சுற்றுலாவுக்காகக் கட்டடம் எழுப்புவது இனிமேல் சட்டத்தின் கண்ணில் காட்டு வேலையே. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்றில், 1996ஆம் ஆண்டு விளக்கத்தையே மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்றும், தன் அனுமதி இல்லாமல் காட்டு நிலத்தில் புதிய உயிரியல் பூங்காவோ சஃபாரியோ அமைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. சுற்றுலாத் துறையின் செல்வாக்கு என்றவுடன் விடுதி முதலாளி ஒருவர் அதிகாரி ஒருவரைச் சந்திக்கும் காட்சிதான் நமக்குத் தோன்றும். அதைவிடப் பெரிய செல்வாக்கு இப்படி ஒரு சட்டப் பிரிவின் சொற்களுக்குள் அமைதியாக வந்து உட்காருவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதுமலைப் புலிகள் காப்பகத்தில் உள்ள தெப்பக்காட்டில் மாலை சஃபாரிக்குச் சீட்டு வாங்கினேன். வனத்துறையின் சிறு பேருந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பாதையின் இருபுறமும் புதர்களை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். கோடைத் தீ பரவாமல் தடுக்கும் வேலை அது. வெட்டிய இடத்தில் இளம்புல் முளைக்கும், புல்லுக்கு மான் வரும், மானைப் பயணிகள் பார்ப்பார்கள். புள்ளிமான் கூட்டம் ஒன்று, காட்டெருமைகள் நான்கு, தொலைவில் ஒரு யானையின் முதுகு ஆகியவற்றைக் கண்டோம். எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த குடும்பத் தலைவர் வழியெல்லாம், "புலி இல்லாமல் எதற்கு இந்தக் காசு?" என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டே வந்தார். ஓட்டுநரும் பொறுமையாக, "நேற்று வந்ததுங்க சார், நாளைக்கும் வரும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு நாளில் இந்தக் கேள்வியை அவர் எத்தனை முறை கேட்பார் என்று எண்ணிப் பார்த்தேன். காட்டைக் காக்கும் துறையின் ஊழியர், காடு காட்டத் தவறியதற்காக வாடிக்கையாளரிடம் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதுமலைப் புலிகள் காப்பகத்தின் உள்மண்டலம் 321 சதுர கிலோமீட்டர். 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் உள்மண்டலங்களில் சுற்றுலாவை முற்றாக நிறுத்தி வைத்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு விதிகளை வெளியிட்ட பிறகு தடை விலகியது. உள்மண்டலத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. முதுமலைக்கு இதைக் கணக்கிட்டால் 64 சதுர கிலோமீட்டர். இதே உள்மண்டலத்துக்குள் பென்னை, நாகம்பள்ளி போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழ்ந்த மவுண்டாடன் செட்டிகளும் பணியர் பழங்குடிகளும் புலிகளின் நலனுக்காக வெளியேறினார்கள். குடும்பத்துக்குப் 10 லட்சம் ரூபாய் என்பது அவர்களுக்கான மறுவாழ்வுத் தொகுப்பு. வெளியேறியவர்களில் சிலர் தாங்களே விரும்பிப் போனார்கள், சாலையும் மருத்துவமனையும் இல்லாத ஊரில் யானைக்கு நடுவே வாழ்ந்து களைத்தவர்கள் அவர்கள். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனாலும் அங்கே பிறந்தவர் தங்குவது புலிக்கு இடையூறு என்றும், சீட்டு வாங்கியவர் ஒரு மணி நேரம் சுற்றுவது இடையூறு அன்று என்றும் ஒரே காட்டுக்கு இரண்டு அளவுகோல்கள் இருப்பதை எப்படி ஏற்பது என்று எனக்கு விளங்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்குப் பந்திப்பூர் வழியாகச் செல்லும் மைசூர் சாலை மூடப்பட்டுவிடும். 2009 முதல் ஒன்பதிலிருந்து காலை ஆறு மணிவரை அந்தச் சாலை விலங்குகளுக்கு. அதைத் திறக்கச் சொல்லி வணிகர்களும் விடுதிக்காரர்களும் அவ்வப்போது குரல் எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பயணத்தில் நான் கண்ட விதிகளிலேயே மிக எளிமையானதும், கண்கூடாகப் பயன் தருவதும் இதுதான்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை: மசினகுடி, பொக்காபுரம்

தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்குச் சிறிது நேரப் பேருந்துப் பயணம். ஊருக்குள் இறங்கியவுடன் ஜீப்புகள் சூழ்ந்துகொண்டன. "சார், சஃபாரி போலாமா? யானை கண்டிப்பா காட்டுவேன்" என்று தொடங்கிய இளைஞர் ஒருவர், நான் தயங்குவதைக் கண்டு குரலைத் தாழ்த்தி, "நைட்டும் போலாம் சார், வேற ரூட்ல" என்றார். இரவில் காட்டு வழியில் விளக்கடித்துக்கொண்டு போவது குற்றம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு இந்த ஊருக்கு வந்து ஒரு விடுதியில் தங்கினேன். அங்கே இரவில் சமையலறைக் கழிவையும் உப்பையும் வேலிக்கு வெளியே கொட்டி வைத்து, பெரிய விளக்கைத் திருப்பி, தின்ன வந்த காட்டுப் பன்றிகளையும் மானையும் ஒரு யானையையும் காட்டினார்கள். என் பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் மனம் நிறைந்து பணம் கொடுத்தேன். அந்த விளக்கொளியில் நின்றிருந்த யானையின் கண் இன்றும் நினைவில் இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு உண்மையான காரணம் அதுதான்.

சீகூர் பீடபூமி என்பது நீலகிரி மலையின் வடக்குச் சரிவுக்கும் மோயாற்றுப் பள்ளத்துக்கும் நடுவே கிடக்கும் நிலம். ஒருபுறம் ஏறவே முடியாத மலைச்சுவர், மறுபுறம் இறங்கவே முடியாத பள்ளம். மேற்குத் தொடர்ச்சி மலையின் முதுமலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலை சார்ந்த சத்தியமங்கலம் பக்கம் போகும் யானைக்கு வேறு வழி கிடையாது. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோவுக்குக் குறையாத தீவனமும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். மழை மாறும் திசையைப் பார்த்து நடந்தால்தான் அதன் வயிறு நிறையும். அந்த நடைக்கான நிலத்தின் மேல்தான் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களும், அவற்றின் விடுதிகளும் உள்ளன.

தமிழக அரசு 2010 ஆகஸ்ட் 31 அன்று இதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை உறுதி செய்து, விடுதிகள் மூன்று மாதங்களில் காலி செய்ய வேண்டும் என்றது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கேட்டதற்கிணங்க மாவட்ட நிர்வாகம் ஆவணங்களைச் சரிபார்த்தபோது, வழித்தடத்தில் இருந்த 39 விடுதிகளில் 27 விடுதிகளுக்கு உரிய அனுமதியே இல்லை என்று தெரியவந்து, அவற்றுக்குச் சீல் வைக்கப்பட்டது. வீடு கட்டுவதாக ஊராட்சியில் வரைபட ஒப்புதல் வாங்கி, கட்டி முடித்த பிறகு அறைகளை வாடகைக்கு விடுவதே பலர் கையாண்ட வழி. இதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை. ஊராட்சி, மின்வாரியம், சுற்றுலாத் துறை என்று ஒவ்வோர் அலுவலகமும் தன் மேசைக்கு வந்த தாளை மட்டும் பார்த்து ஒப்பமிட்டாலே போதும், முப்பத்தொன்பது விடுதிகள் எழுந்துவிடும்.

2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. வழித்தடம் செல்லும் என்றும், தனிப்பட்டவர்களின் ஆட்சேபங்களை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு கேட்டு முடிவு செய்யும் என்றும் தீர்ப்பு சொன்னது. விடுதிக்காரர்களின் வாதங்களில் ஒன்று, அரசு அறிவித்த வழித்தடம் முந்தைய ஆய்வுகளில் குறிக்கப்பட்டதைவிட மிக அகலமானது என்பது. அதைக் கேட்காமல் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பத்துக் கட்டடங்கள் எழுந்த பிறகு யானை எந்த ஓரமாகப் போகிறது என்று அளந்து, அதுதான் வழித்தடத்தின் அகலம் என்று வாதிடுவது, ஆற்றை ஆக்கிரமித்துவிட்டு மிச்சத்தை ஆறு என்பது போன்றது.

மாலையில் பொக்காபுரம் பக்கம், சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதியின் வேலியோரம் நின்றேன். நீச்சல் குளத்தில் உண்ணிச்செடி முளைத்து, கரையைத் தாண்டி வளர்ந்து பூத்திருந்தது. வேலிக்கம்பிகள் ஓரிடத்தில் தரையோடு தரையாக மிதிபட்டுக் கிடந்தன. அந்த இடைவெளிக்கு உள்ளே, வரவேற்பறைப் படிக்கட்டுக்கு ஐந்தடி தள்ளி, யானைச் சாணம். ஒரு குச்சியால் கிளறினேன். உள்ளே புளியங்கொட்டைகளும் மூங்கில் நாரும் இருந்தன, இன்னும் ஈரம் காயவில்லை.

ஆறாம் நாள், சனிக்கிழமை: வாழைத்தோட்டம்

ரிவால்டோ என்று ஊரார் பெயரிட்ட ஆண் யானை வாழைத்தோட்டத்தைச் சுற்றியே பல ஆண்டுகள் வாழ்ந்தது. தும்பிக்கையின் நுனியை இழந்து காயப்பட்டிருந்த அதற்கு இரக்கப்பட்டுப் பழம் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காகவும் கொடுத்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்து கேட்கப் பழகிய யானையை ஆபத்தானது என்று முடிவு செய்து 2021 மே மாதம் கரால் எனப்படும் மரக்கூண்டில் அடைத்தார்கள். எதிர்ப்புகளுக்குப் பிறகு ஆகஸ்ட் 2 அன்று சிக்கல்லா காட்டில் கழுத்துப்பட்டை பூட்டி விட்டபோது, அது தன் பழைய இடத்தை நோக்கி நடந்து வந்துவிட்டது.

அதே ஆண்டின் சனவரியில் மசினகுடியில் இன்னொரு யானை இறந்தது. விடுதிக் கட்டடம் ஒன்றை நெருங்கி வந்த அதன் தலையில் எரியும் டயரை வீசினார்கள். காது கிழிந்து, சீழ் பிடித்து, தெப்பக்காட்டு முகாமுக்குக் கொண்டு போகும் வழியில் அது உயிர்விட்டது. லாரியின் மேல் கிடந்த அதன் தும்பிக்கையைப் பற்றிக்கொண்டு வனத்துறை ஊழியர் ஒருவர் அழுத காணொளியை நாடே பார்த்தது. ஒரு யானைக்குப் பழத்தையும் இன்னொன்றுக்கு நெருப்பையும் கொடுத்தது ஒரே தொழில்தான். விருந்தினர் பார்க்க விரும்பும் தொலைவில் யானை நின்றால் பழம், அதைவிட அருகில் வந்தால் நெருப்பு.

காலையில் சீகூர் ஆற்றங்கரையில் நீர்மருது மரம் ஒன்றின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கழுகு ஒன்று அமர்ந்திருந்ததைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் இந்தக் கழுகுகள் இன்னமும் கூடு கட்டும் இடம் இந்தப் பள்ளத்தாக்குதான். ஆற்றின் மறுகரையில் யாரோ பாட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு, சாலையிலிருந்து உள்ளே தள்ளி இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் இருளர் ஒருவரைச் சந்தித்தேன். அறுபது வயது இருக்கும். ராகி அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற நிலத்தின் மூலையில் ஒரு பரண். இரவெல்லாம் அதில்தான் காவலிருப்பாராம்.

"முன்னாடி யானை அந்த மேட்டு வழியா நேரா போகும், தம்பி. எங்க பக்கம் திரும்பாது. அவங்க கரண்ட் வேலி போட்ட பிறகு தடத்த வெட்டிட்டு இப்படிச் சுத்தி வருது. என் நெலம்தான் இப்ப அதுக்கு ரோடு" என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய திசையில் வரிசையாக ஓட்டுக்கூரைக் குடில்களும், அவற்றைச் சுற்றிய சூரிய மின்வேலியும் தெரிந்தன. விடுதியில் வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். மகன் தோட்ட வேலைக்குப் போனான் என்றும், 2018இல் விடுதியை மூடிய பிறகு திருப்பூருக்குப் போய்விட்டான் என்றும் சொன்னார். அதனால் விடுதி திறந்திருக்க வேண்டும் என்கிறாரா, மூட வேண்டும் என்கிறாரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், இரண்டும் உண்மை. ஊர்மக்களின் பிழைப்பு என்று நீதிமன்றத்தில் விடுதி உரிமையாளர்கள் சொல்லும்போது இவருடைய மகன்தான் சாட்சியாக நிற்கிறார். அதே வேலி இவருடைய வயலுக்குள் யானையைத் திருப்பிவிட்டதை அங்கே சொல்ல யாரும் இல்லை.

புறப்படும்போது, "படிக்கத் தெரிஞ்சவரு, ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க" என்று உள்ளே போய், ரேஷன் அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்தார். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. அவருடைய இரண்டு ஏக்கர் அறிவிக்கப்பட்ட வழித்தடத்துக்குள் வருகிறது என்றும், ஆட்சேபம் இருந்தால் ஆவணங்களோடு தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது.

"அந்த ரிசார்ட்டுக்காரங்களுக்கும் இதே காயிதம்தான் வந்துச்சாம். அவங்க வக்கீல் வெச்சாங்க. எனக்கு இதுல என்ன போட்டிருக்குன்னு இதுவரைக்கும் யாரும் முழுசா படிச்சுக் காட்டல."

பரணின் நிழலில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன். சர்வே எண் வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, அந்த எண்ணை மட்டும் மீண்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.